வர்ணம் பூசினால் பொம்மைச் சிப்பாய் ஜெயிப்பானா?

புள்ளலூர் யுத்தம் முதல் செல்போன் விளையாட்டு வரை ஓர் ஆராய்ச்சி

காஞ்சிபுரத்திலிருந்து சில மைல் தூரத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி அங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது.

ஒரு பக்கம் மைசூர் ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும். மறு பக்கம் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் பெய்லி. அன்று கும்பெனிச் சேனை தோற்றது. பெய்லி பிடிபட்டார்.

சண்டை முடிந்து 240 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது! எங்கே தெரியுமா? மேசையின் மேல்!

வெளிநாடுகளில் பழைய யுத்தங்களைப் பொம்மைகளை வைத்து மறுபடி நடத்திப் பார்க்கும் பிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே திப்புவின் சிப்பாய், கும்பெனிச் சிப்பாய், பீரங்கி, யானை எல்லாம் சின்னஞ்சிறு பொம்மைகளாக விற்கின்றன. ஒரு சிப்பாயின் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். வாங்கும்போது அவனுக்கு நிறம் இராது. வாங்கியவரே மெல்லிய தூரிகையால் சட்டைக்கும், தலைப்பாகைக்கும், மீசைக்கும்கூட வர்ணம் தீட்டுகிறார். ஒரு சேனையைத் தீட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இவர்களிடையே ஒரு கேள்வி நெடுநாளாக உலவுகிறது. வர்ணம் பூசிய சிப்பாய், பூசாத சிப்பாயைவிட நன்றாகச் சண்டை போடுவானா?

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது விளையாட்டுக் கேள்வி மட்டும் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் பழக்கத்தையும், நம் பணப்பையையும் தொடும் கேள்வி. எப்படி என்று பார்ப்போம்.

மேசைப் போர் என்பது என்ன?

இந்த ஆட்டத்தின் மூதாதை நம் நாட்டுச் சதுரங்கம்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைச் சேனையைப் பலகையில் நிறுத்தி ஆடினார்கள். அது பாரசீகம் போய், அரபு நாடு போய், ஐரோப்பாவுக்கும் போனது.

1824-ல் பிரஷ்ய நாட்டு ராணுவம் ஒரு புது ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. தேசப் படத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, அதிகாரிகள் யுத்தம் பழகினார்கள். ஒரு கட்சிக்குச் சிவப்புக் கட்டை. மற்றக் கட்சிக்கு நீலக் கட்டை. 1913-ல் எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், வீட்டில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளைப் புத்தகமாகவே போட்டார்.

இன்று இது பெரிய வியாபாரம். இப்படிப்பட்ட பொம்மைகளைச் செய்து விற்கும் 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்ற பிரிட்டிஷ் கம்பெனி, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பெனிகளின் பட்டியலில் இடம் பிடித்தது. பொம்மை விற்று அந்த இடத்துக்குப் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆடும் முறை சுலபம். சிப்பாய் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று அளவு நாடாவால் அளக்கிறார்கள். சுட்டது பட்டதா, இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். நம் தாயக்கட்டை போலத்தான்.

இரண்டு நம்பிக்கைகள்

ஆட்டக்காரர்களில் ஒரு சாரார், 'வர்ணம் பூசாத சிப்பாய் பயந்து ஓடுவான். பூசியவன் நின்று அடிப்பான்' என்கிறார்கள்.

இன்னொரு சாரார் நேர் எதிராகச் சொல்கிறார்கள். 'புதிதாகப் பூசி இன்றுதான் மேசையில் வைத்தேன். முதல் சுற்றிலேயே செத்தான்! எப்போதும் இப்படித்தான்' என்று அவர்கள் தலையில் கை வைக்கிறார்கள்.

இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியுமா? முடியாது. ஆனால் இரண்டையும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்?

நம் ஞாபகம் செய்யும் வேலை அது. ஆசையாகப் பூசிய சிப்பாய் ஜெயித்தால் மறக்க மாட்டோம். முதல் அடியிலேயே விழுந்தாலும் மறக்க மாட்டோம். ஜெயிக்காமலும் தோற்காமலும் ஓரமாக நின்ற நாட்கள்தான் அதிகம். அவை நினைவில் நிற்பதில்லை. பூனை குறுக்கே போன அன்று கால் தடுக்கினால் பூனையைச் சொல்கிறோம். பூனை போயும் தடுக்காத நாட்களை யார் கணக்கு வைத்தார்கள்?

பகடைக்குத் தெரியுமா?

பகடைக்கு ஆறு பக்கம். எந்தப் பக்கமும் ஆறில் ஒரு தடவை விழ வாய்ப்பு உண்டு. பக்கத்தில் நிற்கும் பொம்மை பூசியதா, பூசாததா என்பது பகடைக்குத் தெரியாது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் கணக்குப் பழக்கமாக இருக்கும்.

இரண்டு பொம்மை எடுங்கள். ஒன்றுக்கு வர்ணம் பூசுங்கள். மற்றதைச் சும்மா விடுங்கள். ஒரு பகடையை ஒவ்வொரு பொம்மைக்காகவும் 60 தடவை உருட்டுங்கள். ஆறு விழும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். சுமார் 10 கோடு வர வேண்டும். 7 வந்தாலும் 13 வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அது தற்செயல். அடுத்த நாளும் உருட்டுங்கள். மூன்றாம் நாளும் உருட்டுங்கள். ஒரு நாள் பூசியவன் முந்துவான். ஒரு நாள் பூசாதவன் முந்துவான். கோடுகள் கூடக் கூட இருவருக்கும் வித்தியாசம் சுருங்கி, இருவருமே ஆறில் ஒரு பங்கை நெருங்குவார்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பொம்மைக்குப் பூசினால் ஒன்றும் ஆகாது. பகடையின் ஒரு பக்கத்தில் மட்டும் கனமாகப் பூச்சு ஏற்றினால் கதை வேறு! எடை சாய்ந்துவிடும். உருளுவதும் மாறும். மாற்றம் வர்ணத்தால் வருவதில்லை. பாரத்தால் வருகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை சொல்வதும் அதுதான். எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. சட்டை சிவப்பாக இருப்பதாலா எழுகிறது? இல்லை. அடியில் இருக்கும் கனத்தால் எழுகிறது. பச்சை பூசினாலும் எழும். பூசாவிட்டாலும் எழும்.

வெள்ளைக் காய் ஜெயிக்கிறதே!

'சதுரங்கத்தில் வெள்ளைக் காய்க்கு வெற்றி சற்றே அதிகம் என்கிறார்களே? அது வர்ணத்தின் பலம்தானே?' என்று ஒரு வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி.

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. குதிரை முகமும் வேட்டியும் கொண்ட 'தம்பி' என்ற சின்னத்தை ஊரெல்லாம் பார்த்தோம். சென்னை நேப்பியர் பாலத்துக்குக்கூடக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதன் பின் எத்தனையோ வீடுகளில் சதுரங்கப் பலகை வந்துவிட்டது.

வெள்ளைக்குச் சாதகம் உண்டு என்பது மெய். ஆனால் காரணம் நிறம் அல்ல. வெள்ளைக்காரர் முதலில் நகர்த்துகிறார். அதுதான் காரணம். விதியை மாற்றிக் கறுப்பை முதலில் நகர்த்தச் சொன்னால், சாதகம் கறுப்புக்குப் போய்விடும்!

கண்ணுக்குத் தெரிவது நிறம். மறைந்து நிற்பது முறை. நாம் நிறத்துக்குப் பெயர் கொடுத்துவிடுகிறோம்.

சிவப்புச் சட்டையும் ராசிப் பந்தும்

படித்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம் முதலிய போட்டிகளில் ஒருவருக்குச் சிவப்பு உடுப்பும் மற்றவருக்கு நீல உடுப்பும் கொடுத்தார்கள். சிவப்பு உடுத்தியவர்கள் நூற்றுக்குச் சுமார் 55 பேர் ஜெயித்தார்கள் என்று 2005-ல் இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உலகமே பேசியது. பிறகு பல ஆண்டுப் போட்டிகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தச் சாதகம் நிற்கவில்லை.

இன்னொன்று. 2010-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை. 'இது ராசியான பந்து' என்று சொல்லிக் கையில் கொடுத்தால், கோல்ப் பந்தைக் குழியில் நன்றாகத் தள்ளினார்களாம். 2014-ல் அமெரிக்காவில் அதே சோதனையை அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை.

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இவை நல்ல உதாரணம்.

அப்படியானால் வர்ணம் வீணா?

அதுதான் இல்லை! வர்ணம் சிப்பாயை மாற்றாது. ஆடுகிறவரை மாற்றும்.

முதலாவது, அடையாளம். நூறு சிப்பாய்களும் ஒரே சாம்பல் நிறமாக நின்றால், துப்பாக்கிக்காரன் யார், கொடி பிடிப்பவன் யார் என்று அவசரத்தில் தெரியாது. வர்ணம் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். தப்பு குறையும். பிரஷ்ய அதிகாரிகள் சிவப்பு, நீலக் கட்டை வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாவது, பழக்கம். ஒரு பொம்மைக்கு நாலு நாள் உட்கார்ந்து தீட்டியவருக்கு அதன் பட்டன்கூட மனப்பாடம். 'இவன் எவ்வளவு தூரம் ஓடுவான், எதற்கு உதவுவான்' என்று விதிப் புத்தகத்தையும் புரட்டியிருப்பார். அவர் நன்றாக ஆடினால், அந்த ஜெயம் உழைப்புக்குச் சேர வேண்டியது.

மூன்றாவது, விதி. 'வார்ஹாம்மர் 40,000' என்ற பிரசித்தி பெற்ற ஆட்டத்தில் 2020-ல் வந்த 9-ஆம் பதிப்பு ஒரு புது ஏற்பாடு செய்தது. சேனை முழுவதும் வர்ணம் பூசியிருந்தால் 10 புள்ளி இனாம்! மொத்தமே 100 புள்ளிதான். இங்கே மட்டும் வர்ணம் நேராகவே ஜெயிக்க உதவுகிறது. அதுவும் மாயம் அல்ல. மனிதர் எழுதிய சட்டம்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு. அருமையாகத் தீட்டிய பொம்மையை முன்னே அனுப்ப மனம் வராது. பின்னாலேயே பத்திரமாக ஒளித்து வைக்கத் தோன்றும். வேண்டிய நேரத்தில் அது வேலைக்கு ஆகாது. பட்டுச் சேலையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பழஞ்சேலையில் போன கதைதான்!

சுவரில் தீட்டிய வெற்றி

புள்ளலூருக்கே திரும்புவோம். அங்கே நிஜமாக ஜெயித்தது எது?

பெய்லியின் சேனை சுமார் 3,800 பேர். காஞ்சிபுரத்தில் ஜெனரல் மன்றோ 5,000 பேருக்கு மேல் வைத்திருந்தார். பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. ஐதரும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. கும்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அத்துடன் முடிந்தது. மன்றோ தம் கன பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் 1782-ல் இறந்தார்.

கும்பெனிச் சிப்பாயின் சிவப்புக் கோட்டு அன்று அவனைக் காக்கவில்லை. எண்ணிக்கை, வேகம், வேவு, வெடிமருந்து ஆகியவைதான் தீர்மானித்தன.

பிறகு திப்பு ஒரு காரியம் செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்த வெற்றியைப் பெரிய சித்திரமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் பெய்லி, யானை மேல் ஐதர், வெடிக்கும் வண்டி எல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்தவர்களுக்கு உற்சாகம் வந்திருக்கும். ஆனால் 1799 மே 4-ந் தேதி கோட்டை விழுந்தது. திப்பு மாண்டார். சித்திரம் கோட்டையைக் காக்கவில்லை.

அது வேறொன்றைக் காத்தது. ஞாபகத்தை! வெள்ளைக்காரர்களே பின்னால் அந்தச் சித்திரத்தைப் புதுப்பித்தார்கள். இதே சண்டையைக் காட்டும் இன்னொரு ஓவியம் 2022 மார்ச்சில் லண்டனில் 6 லட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போனது. காஞ்சிக்குப் பக்கத்தில் நடந்த சண்டை உலகத்துக்குத் தெரிந்திருக்க அந்தச் சித்திரமும் ஒரு காரணம்.

பொம்மைக்காரத் தெரு

காஞ்சிபுரத்துக்கு இது புதுப் பாடம் அல்ல. பொம்மைக்காரத் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறார்கள். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் வார்த்து, காய வைத்து, வெள்ளைப் பூச்சு ஏற்றி, பிறகு வர்ணம் தீட்டுகிறார்கள். 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்த பிறகு, கொலுப் படிகளில் அத்திவரதர் பொம்மைக்கும் இடம் வந்தது.

அந்தப் பொம்மைகளை வாங்கும் யாரும், 'இது எத்தனை சண்டையில் ஜெயிக்கும்?' என்று கேட்பதில்லை. கண் அழகாக இருக்கிறதா, முகத்தில் களை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வர்ணத்துக்கு உரிய வேலை அது. அந்த வேலைக்கு உரிய கூலி கைவினைஞருக்குச் சேர வேண்டும். மரப்பாச்சிக்கு வர்ணமே இல்லை. ஆனாலும் கொலுவில் அதற்கு முதல் மரியாதை!

நெசவாளருக்கும் இது தெரியும். வெளித் தோற்றத்தில் நல்ல ஜரிகையும் போலி ஜரிகையும் ஒன்று போல மின்னும். சுரண்டிப் பார்த்தால், நல்ல ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வர்ணம் சேலையை வாங்க வைக்கும். பல ஆண்டு தாங்குவது நூலின் முறுக்கும் நெசவும்தான்.

நம் வீட்டுக்குள் வந்த சிப்பாய்

'மேசைப் போர் நம் வீட்டில் இல்லையே' என்று நினைக்க வேண்டாம். செல்போனில் வந்துவிட்டது!

பிள்ளைகள் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் 'ஸ்கின்' என்று ஒன்று விற்கிறார்கள். ஆயுதத்துக்கும் உடுப்புக்கும் புது வர்ணம், புதுச் சித்திரம். அவ்வளவுதான். தங்க நிறத் துப்பாக்கி வாங்கினால் ஜெயிக்கலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அப்பாவின் போனில் பணம் போய்விடுகிறது.

பல விளையாட்டுகளில் ஸ்கின் வெறும் தோற்றம். குறி ஒரு நூல்கூட மாறாது. சில விளையாட்டுகளில் மட்டும் ஸ்கின்னோடு பலத்தையும் சேர்த்து விற்கிறார்கள். அங்கே விலை வர்ணத்துக்கு அல்ல, சலுகைக்கு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் திறமையோடு பணமும் போட்டியிடுகிறது.

பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்காரும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. ஆனால் அந்தச் சட்டங்களின் குறி பந்தயப் பணம். துப்பாக்கிக்கு வர்ணம் வாங்குவது பந்தயம் அல்ல. ஆகவே, அந்தக் காவலைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

பிள்ளை ஸ்கின் கேட்டால் திட்ட வேண்டாம். 'இதனால் என்ன மாறும்? நீயே படித்துச் சொல்' என்று கேளுங்கள். தோற்றம் மட்டும் மாறும் என்று பிள்ளையே படித்துச் சொன்னால், பாதி ஆசை அடங்கும். பணம் கட்டும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

வர்ணத்தில் ஆசை இருந்தால், ஒரு தூரிகையும் நாலு வர்ணக் குப்பியும் காகிதக் கூழும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை தன் கையாலேயே ஒரு சிப்பாய் செய்யட்டும். கை பழகும். பொறுமை வரும். புள்ளலூர்க் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.

வர்ணம் பூசினால் பொம்மைச் சிப்பாய் ஜெயிப்பானா? மாட்டான். ஆனால் பூசிய பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கும். செல்போனில் வாங்கிய தங்கத் துப்பாக்கி அதைக் கற்றுத் தராது.